கொடியின்றிச் சென்றவள் கொண்டுவந்த தங்கம்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே கொசோவோ என்றொரு சின்னஞ்சிறிய தேசம் இருக்கிறது. அங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அல்பேனிய மொழி பேசும் முஸ்லிம்கள். மொத்த சனத்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. இந்தத் தேசம் முதன்முதலாக ஒலிம்பிக் போட்டியில் பங்குபற்றியது 2016இல். அதன் பின்னர் 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடியும் வரையான மூன்று கோடைகால ஒலிம்பிக்குகளில் அது பெற்ற பதக்கங்கள் ஐந்து. அவற்றில் மூன்று தங்கம். ஐந்தும் ஜூடோ என்ற ஒரே விளையாட்டில் கிடைத்தவை. இன்னுமொரு செய்தியைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஐந்தையும் வென்றவர்கள் பெண்கள். ஓர் ஆண் கூட அந்தப் பட்டியலில் இல்லை!

இந்த வரிசையில் முதலாவதாக நிற்பவர் மஜ்லிந்தா கெல்மெண்டி. 2021இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்று, இன்று அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியளிப்பவர். அவருடைய கதை பதக்கங்களின் கதை மட்டுமல்ல. யுத்தம் தின்று போட்ட ஊரில் பிறந்து, கொடியில்லாமல் உலக அரங்கில் நின்று, கடைசியில் தன் கொடியைத் தானே ஏந்திச் சென்ற ஒரு பெண்ணின் கதை அது.

வீடுகளே பள்ளிக்கூடங்கள்

கெல்மெண்டி 1991 மே 9ஆந் திகதி பேயா என்ற நகரில் பிறந்தார். கொசோவோவின் மேற்கு எல்லையில், றுகோவா மலைப் பள்ளத்தாக்கின் வாசலில் அமைந்த நகரம் அது.

அவர் பிறந்த காலம் எப்படிப்பட்டது தெரியுமா? அன்று கொசோவோ, யூகோஸ்லாவியாவில் சேர்பியாவின் ஆட்சிக்குட்பட்ட ஒரு மாகாணம். 1989இல் அதன் சுயாட்சி பறிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அல்பேனியர்கள் ஆயிரக்கணக்கில் அரச தொழில்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். அல்பேனிய மொழியில் கற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவுகள் மூடப்பட்டன. ஆனால் அந்த மக்கள் படிப்பை விட்டுவிடவில்லை. வீட்டு மண்டபங்களும் நிலவறைகளும் வகுப்பறைகளாயின. தொண்ணூறுகளில் ஒரு தலைமுறையே இப்படி வீடுகளில் இருந்து படித்து வந்தது. அந்த வீடுகளின் தாய்மார்கள் எத்தனை சுமைகளைச் சேர்த்துச் சுமந்திருப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1998இல் யுத்தம் வெடித்தது. 1999இன் வசந்த காலத்தில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான அல்பேனியர்கள் எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டார்கள். சிலர் டிராக்டர்களிலும், சிலர் புகையிரதங்களிலும், பலர் குழந்தைகளைத் தோளில் சுமந்து கால்நடையாகவும் அல்பேனியாவுக்கும் மசிடோனியாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு எமது நாட்டு வாசகர்களுக்கு அகராதி தேவையில்லை. பேயா நகரத்தின் பெரும் பகுதி எரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் ஓய்ந்த போது, திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கூரையில்லாத சுவர்களே மிஞ்சியிருந்தன.

அந்த 1999இல்தான் எட்டு வயதுச் சிறுமி கெல்மெண்டி ஜூடோ விரிப்பில் முதன்முதலாகக் கால் வைத்தார்.

கனவைப் பறிகொடுத்த ஆசான்

இங்கே இன்னொருவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவர் ட்றிட்டன் கூக்கா. அதே பேயா நகரத்தவர். யூகோஸ்லாவியாவின் முன்னணி ஜூடோ வீரராக இருந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்குபற்றுவது அவரது கனவு. ஆனால் யூகோஸ்லாவியா சிதறத் தொடங்கியது. கொசோவோ அல்பேனியர்கள் அந்நாட்டின் அணியில் போட்டியிடும் நிலை இல்லாது போயிற்று. அவரது இளமையின் சிறந்த ஆண்டுகள் போட்டியில்லாமலே கழிந்தன.

கனவு கலைந்த மனிதர் ஒன்றில் ஒடுங்கிப் போவார், அல்லது தன் மனக்கசப்பைப் பிள்ளைகள் மேல் கொட்டுவார். கூக்கா இரண்டையும் செய்யவில்லை. யுத்தம் முடிந்த கையோடு தன் ஊரில் ஒரு சிறிய பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அயல் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். வசதிகள் குறைவு. பணம் இல்லை. அந்தச் சிறிய கூடத்திலிருந்துதான் பின்னாளில் மூன்று ஒலிம்பிக் சம்பியன்கள் புறப்படப் போகிறார்கள் என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

பெண்களுக்கு மூடியிருந்த கதவு

ஜூடோ என்றால் என்ன? 1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற கல்விமான் உருவாக்கிய மல்யுத்தக் கலை அது. அடியும் உதையும் இதில் கிடையாது. எதிராளியின் தடித்த அங்கியைப் பற்றி, அவரது நிலையைக் குலைத்து, அவரது பலத்தையே அவருக்கு எதிராகத் திருப்பி வீழ்த்த வேண்டும். 'ஜூடோ' என்ற சொல்லுக்கே 'மென்மையின் வழி' என்று பொருள். எதிராளியை வேகத்துடனும் பலத்துடனும் முதுகுப் புறமாக நேரே வீழ்த்தினால் அதற்கு 'இப்பொன்' என்று பெயர். அத்துடன் போட்டி முடிந்துவிடும்.

இந்தக் கலையில் ஒரு பிள்ளைக்கு முதன்முதல் கற்பிக்கப்படுவது எது என்று நினைக்கிறீர்கள்? எதிராளியை வீழ்த்துவது அல்ல. அடிபடாமல் விழுவது! நாடியை நெஞ்சோடு சேர்த்து, உடலைச் சுருட்டி, கையால் விரிப்பைத் தட்டி விழப் பழக வேண்டும். விழப் பயப்படுகிறவர் உடலை விறைத்துக்கொள்வார். விறைத்த உடல்தான் அடிபடும். ஆகவே பல நாட்கள் வெறுமனே விழுந்து எழும்புவதே பாடம்.

பெண்களுக்கு இந்தக் கலை இலகுவில் திறந்து விடப்படவில்லை. ஜப்பானில் பெண்களுக்கும் ஜூடோ கற்பிக்கப்பட்டது உண்மை. ஆனால் நீண்ட காலமாக அவர்கள் போட்டியிட அனுமதிக்கப்படவில்லை. அமெரிக்காவில் றஸ்டி கனோகோகி என்ற பெண்மணி 1959இல் தலைமயிரைக் கத்தரித்து, ஆண் போலத் தோற்றமளித்து ஒரு போட்டியில் கலந்துகொண்டார். வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே பெண்மணிதான் தனது வீட்டை ஈடு வைத்து, 1980இல் நியூயோர்க்கில் பெண்களுக்கான முதலாவது உலக ஜூடோ சம்பியன் போட்டியை நடத்தினார். ஆண்களுக்கு 1964இல் டோக்கியோவில் கிடைத்த ஒலிம்பிக் வாய்ப்பு, பெண்களுக்கு முழுமையாகக் கிடைத்தது 1992இல்தான். அப்போது கெல்மெண்டிக்கு வயது ஒன்று.

கொடியில்லாத வீராங்கனை

கூக்காவின் கூடத்தில் வளர்ந்த கெல்மெண்டி 52 கிலோ எடைக்குட்பட்ட பிரிவில் போட்டியிட்டார். 2009இல் பாரிஸில் நடந்த கனிஷ்ட உலக சம்பியன் போட்டியில் தங்கம் வென்றபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கொசோவோ 2008 பெப்ரவரி 17ஆந் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்தது. பல நாடுகள் அதனை அங்கீகரித்தன. பல நாடுகள் ஏற்கவில்லை. எமது நாட்டு அரசாங்கமும் அப்பிரகடனத்தை எதிர்த்து அறிக்கை விடுத்த ஒன்றுதான். சர்வதேச ஒலிம்பிக் குழுவும் கொசோவோவை அப்போது அங்கீகரிக்கவில்லை. ஆகவே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கெல்மெண்டி தன் நாட்டின் பெயரில் போட்டியிட முடியவில்லை. அயல் நாடான அல்பேனியாவின் சீருடையை அணிந்தே களமிறங்கினார். ஆரம்பச் சுற்றுகளிலேயே மொரீசியஸ் வீராங்கனை ஒருவரிடம் தோற்று வெளியேறினார்.

அதே லண்டனில், அதே ஜூடோ அரங்கில் இன்னொரு பெண்ணையும் உலகம் பார்த்தது. வொஜ்தான் ஷஹ்ர்கானி என்ற பதினாறு வயது சவூதிச் சிறுமி. தலையை மறைக்காமல் போட்டியிட மாட்டேன் என்ற நிலைப்பாட்டில் அவர் இருந்தார். கழுத்து நெரிபடும் ஆபத்து உண்டு என்று முதலில் தயங்கிய ஜூடோ சம்மேளனம், பேச்சுவார்த்தையின் பின் பாதுகாப்பான ஒரு தலையணிக்கு அனுமதி கொடுத்தது. அவரது போட்டி ஒன்றரை நிமிடம் கூட நீடிக்கவில்லை, தோற்றுப் போனார். ஆயினும் ஒலிம்பிக்கில் பங்குபற்றிய முதல் சவூதிப் பெண்களில் ஒருவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ஒருவர் உடைக்காகப் போராட, மற்றவர் கொடிக்காகக் காத்திருந்தார். இருவருக்கும் லண்டனில் பதக்கம் கிடைக்கவில்லை.

தோல்விக்குப் பின் கெல்மெண்டிக்கு வேறொரு சோதனை வந்தது. பணக்கார நாடுகள் அவரைத் தேடின. எமது குடியுரிமையை எடுத்துக்கொண்டு எமக்காகப் போட்டியிடுங்கள், பெருந்தொகைப் பணம் தருகிறோம் என்றன. விளையாட்டு உலகில் இது புதினமல்ல. வசதியில்லாத ஓர் ஊரின் இளம் பெண், தன் நாட்டுக்கு ஒலிம்பிக்கில் இடமேயில்லை என்றிருந்த வேளையில் சம்மதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

2013இல் பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில் உலக சம்பியன் போட்டி நடந்தது. சர்வதேச ஜூடோ சம்மேளனம் ஏற்கனவே கொசோவோவை உறுப்பினராக ஏற்றிருந்தபடியால், இம்முறை சொந்த நாட்டின் பெயரிலேயே களமிறங்கினார். இறுதிப் போட்டியில் பிரேசில் நாட்டு வீராங்கனை எரிக்கா மிராண்டாவை, அவரது சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார். கொசோவோவுக்கு முதல் உலக சம்பியன் கிடைத்தார்.

அடுத்த ஆண்டு, 2014இல் உலக சம்பியன் போட்டி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் நடந்தது. ரஷ்யா கொசோவோவை ஏற்காத நாடு. எனவே நடப்பு உலக சம்பியனுக்கே தன் கொடியின் கீழ் போட்டியிட அனுமதியில்லை! சம்மேளனத்தின் கொடியின் கீழ்தான் அவர் போட்டியிட்டார். மீண்டும் தங்கம் வென்றார். மேடையில் ஏறியபோது மேலே உயர்ந்தது சம்மேளனத்தின் கொடி. வெற்றி அவருடையது, கொடி அவருடையதல்ல. வெளியே போராட்டமோ கூச்சலோ இல்லாமல், அடுத்தடுத்து வென்றே அந்த அநீதியை அவர் உலகத்துக்குக் காட்டினார்.

2014 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு கொசோவோவுக்கு முழு அங்கீகாரம் வழங்கியது. அடுத்த ஒலிம்பிக்குக்கு இருபது மாதங்கள் கூட இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து 2015இல் காயம் அவரை மடக்கிப் போட்டது. உடல் தேறி மீண்டும் எழுந்து, 2016இல் ஐரோப்பிய சம்பியன் பட்டத்தை வென்றார். அது நடந்த இடமும் ரஷ்யாவின் கசான் நகரம்தான்!

றியோவில் ஒரு நாள்

2016 ஆகஸ்ட். அதே றியோ டி ஜெனீரோ. ஒலிம்பிக் தொடக்க விழாவில் முதன்முறையாகக் கொசோவோவின் பெயர் அழைக்கப்பட்டது. நீல நிறத்தில் பொன்னிறத் தேசப்படமும் ஆறு வெண்ணிற நட்சத்திரங்களும் கொண்ட கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் கெல்மெண்டி. அந்த ஆறு நட்சத்திரங்களும் அங்கு வாழும் ஆறு சமூகங்களைக் குறிப்பன. பின்னால் வந்த அணி மிகச் சிறியது. மொத்தம் எட்டே எட்டு விளையாட்டு வீரர்கள்.

ஆகஸ்ட் 7ஆந் திகதி அவரது நாள். அரையிறுதியில் மூன்று முறை உலக சம்பியனான ஜப்பானின் மிசாத்தோ நக்கமுராவை வென்றார். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் இத்தாலியின் ஒடெத்தே ஜுஃப்ரிதா. ஒரு சிறு புள்ளி வித்தியாசம்தான். அதைக் கடைசி வினாடி வரை காத்து நின்றார். மணி ஒலித்தது. கெல்மெண்டி அழுதார். விரிப்புக்கு வெளியே காத்திருந்த கூக்காவின் கைகளில் போய் விழுந்தார். 1992இல் ஒலிம்பிக்கை இழந்த ஆசானுக்கு, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து மாணவி அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மேடையில் கொடி ஏறியது, தேசிய கீதம் இசைத்தது. கொசோவோவின் தேசிய கீதத்துக்கு வார்த்தைகள் கிடையாது. எந்தச் சமூகத்தின் மொழியும் புண்படக் கூடாது என்பதற்காக வெறும் இசையாகவே அதை வைத்திருக்கிறார்கள். ஆகவே பாடுவதற்குச் சொற்கள் இல்லை. அழுவதற்குக் கண்ணீர் இருந்தது.

வெற்றியின் பின் அவர் செய்தியாளர்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: யுத்தத்திலிருந்து தப்பி வந்த, சிறிய, ஏழை நாட்டுப் பிள்ளைகளும் விரும்பியதை அடையலாம் என்பதை எமது நாட்டுச் சிறுவர்களுக்குக் காட்ட விரும்பினேன் என்றார்.

தோற்ற நாளின் இரு பக்கமும்

ஒருவரின் உயர்வை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் அது பாதிக் கதை. கெல்மெண்டியின் மீதிக் கதை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

றியோவின் பின்னர் 2017இல் மீண்டும் ஐரோப்பிய சம்பியனானார். பிறகு காயங்கள் அவரை விடாமல் துரத்தின. 2019இல் திரும்பி வந்து மறுபடி ஐரோப்பியப் பட்டத்தையும், உலகப் போட்டியில் வெண்கலத்தையும் பெற்றார். 2020இல் நடக்கவிருந்த டோக்கியோ ஒலிம்பிக், கொரோனாத் தொற்றினால் ஓர் ஆண்டு பிந்தியது. காயமுற்ற உடலுக்கு ஓர் ஆண்டு என்பது நீண்ட காலம்.

2021 ஜூலை 24ஆந் திகதி, ஜூடோ பிறந்த ஜப்பானின் மண்ணில், கெல்மெண்டியின் அணித் தோழி டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி 48 கிலோ பிரிவில் ஜப்பானிய வீராங்கனையையே இறுதியில் தோற்கடித்துத் தங்கம் வென்றார். மறுநாள் 25ஆந் திகதி கெல்மெண்டியின் முறை. நடப்பு ஒலிம்பிக் சம்பியனான அவர் தமது முதற் போட்டியிலேயே ஹங்கேரி வீராங்கனை ஒருவரிடம் தோற்றார். அதற்கு மறுநாள் 26ஆந் திகதி இன்னொரு தோழி நோரா ஜக்கோவா 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். இருவரும் அதே பேயா நகரத்தில், அதே கூக்காவிடம், அதே விரிப்பில் கெல்மெண்டியுடன் விழுந்து எழும்பியவர்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. நேற்றுத் தோழிக்குத் தங்கம், நாளை மற்றத் தோழிக்குத் தங்கம், நடுவிலே தனக்குத் தோல்வி. நம்மில் எத்தனை பேருக்கு அந்த நடுநாளைப் பொறாமையின்றிக் கடக்க முடியும்? ஒரே வீட்டில் இரு மருமகள்மார், ஒரே வகுப்பில் இரு பிள்ளைகள், ஒரே குடும்பத்தில் இரு சகோதரிகள் என்று நாம் தினமும் காணும் சங்கடம்தானே இது? ஆனால் அந்தத் தங்கங்களில் கெல்மெண்டிக்கும் பங்கிருந்தது. பெண்ணால் முடியும், பேயாவிலிருந்து முடியும், கொசோவோவின் பெயரிலேயே முடியும் என்று முதலில் நிரூபித்துக் காட்டியவர் அவர். தோழிகள் நடந்தது அவர் வெட்டிய பாதையில்.

அவ்வாண்டிலேயே போட்டிகளிலிருந்து விலகினார். விரிப்பை விட்டு விலகவில்லை. பயிற்றுநராக மாறினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ்னிச்சி, இம்முறை கெல்மெண்டியின் பழைய 52 கிலோ பிரிவில், வெள்ளி வென்றார். லோரா ஃபஸ்லியு 63 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார். ஐந்து பதக்கங்களின் கணக்கு இப்படித்தான் நிறைந்தது.

நமக்கென்ன இதில்?

நம் பெண் பிள்ளைகளை ஜூடோவுக்கு அனுப்புவதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைக்கும் வசதிக்கும் ஏற்ப முடிவு செய்ய வேண்டிய காரியம். அதைப் பற்றி வாதிட இதை நான் எழுதவில்லை. ஆனால் இந்தக் கதையில் நமக்கு எடுத்துக்கொள்ள வேறு விடயங்கள் உண்டு.

ஒன்று, வசதி வந்த பிறகுதான் தொடங்குவோம் என்று கூக்கா இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. எரிந்த ஊரில், இருந்ததை வைத்துத் தொடங்கினார். கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருவரும், கற்க வரும் பிள்ளைகளும், கூடவே பொறுமையும் இருந்தால் போதும் என்பதற்கு அந்தச் சிறிய கூடமே சாட்சி. நம் ஊரில் தையல் தெரிந்த ஒரு தாத்தாவோ, கணிதம் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையோ தன் வீட்டு விறாந்தையில் ஒரு பாயை விரித்தாலும் இதே காரியம்தான்.

இரண்டு, பிள்ளைகளுக்கு நாம் வெல்லச் சொல்லிக் கொடுக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் முதல் பல்கலைக்கழக அனுமதி வரை வெற்றியைப் பற்றியே பேசுகிறோம். பெறுபேறு வரும் நாளில் ஒரு புள்ளி குறைந்துவிட்டால் வீடே மையித்து வீடு போலாகி விடுகிறது. விழுந்தால் எப்படி விழ வேண்டும், விழுந்த பின் எப்படி எழும்ப வேண்டும் என்பதை யார் சொல்லிக் கொடுப்பது? ஜூடோ ஆசான் அதை முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார். லண்டனில் விழுந்த கெல்மெண்டி றியோவில் எழுந்தார். டோக்கியோவில் விழுந்த கெல்மெண்டி, மற்றவர்களை எழுப்புவதற்காக எழுந்தார்.

பேயாவில் இன்றும் மாலை வேளைகளில் சின்னஞ்சிறுமிகள் வெள்ளை அங்கியும் இடுப்புப் பட்டியும் கட்டி விரிப்பில் வரிசையாக நிற்கிறார்கள். யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள் அவர்கள். ஒலிம்பிக் அரங்கில் கொடி இல்லாதிருந்த காலம் அவர்களுக்கு நினைவில் இல்லை. ஒலிம்பிக் தங்கம் என்றால் பெண்கள் கொண்டுவருவது என்றுதான் அவர்கள் பிறந்ததிலிருந்து அறிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே கற்பிக்கப்படும் முதற் பாடம் மட்டும் இன்னும் மாறவில்லை: நாடியை நெஞ்சோடு சேர், பயப்படாமல் விழு, உடனே எழும்பு.